உடற்பயிற்சியைக் கூட்டியும் எடை குறையவில்லை: காரணம் கார்ட்டிசாலா?

கடிதத்தின் சுருக்கம்

மடிப்பாக்கத்தில் வசிக்கும் 41 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கும் நீண்ட கடிதத்தை, அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கித் தருகிறேன். ஓ.எம்.ஆர். சாலையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. அமெரிக்க வாடிக்கையாளர்களுடனான கூட்டங்கள் இரவு பதினொன்றரை வரை நீள்கின்றன. வீட்டில் பக்கவாதத்துக்குப் பிறகு படுக்கையில் இருக்கும் மாமியார், பத்தாம் வகுப்புப் படிக்கும் மகன். உயரம் 156 செ.மீ.; எட்டு மாதங்களுக்கு முன் எடை 76 கிலோ. அம்மாவுக்குச் சர்க்கரை நோய் இருப்பதால் தனக்கும் வந்துவிடுமோ என்று பயந்து ஜிம்மில் சேர்ந்து, வாரம் ஆறு நாளும் காலை ஐந்தரை மணிக்கு, ஹெச்.ஐ.ஐ.டி. என்று சொல்லப்படும் தீவிர இடைவெளிப் பயிற்சியை 45 நிமிடம் செய்துவருகிறார். சாப்பாட்டைச் செயலியில் எண்ணி நாளுக்கு ஆயிரம் கலோரிக்குள் நிறுத்துகிறார். முதல் மூன்று மாதங்களில் நான்கு கிலோ குறைந்தது. அதன்பின் ஐந்து மாதங்களாக 72 கிலோவிலேயே நிற்கிறது.

"கார்ட்டிசால் ஏறியிருக்கும், அதனால்தான் வயிறு வற்றவில்லை" என்று ஜிம் பயிற்சியாளர் சொல்ல, மனஅழுத்தத்தின்போது கூடும் அந்த ஹார்மோனுக்குப் பரிசோதனை செய்திருக்கிறார். காலை வகுப்பு முடிந்து நேராக ஆய்வகத்துக்குப் போய், 7.40 மணிக்குக் கொடுத்த ரத்தத்தில் கார்ட்டிசால் டெசிலிட்டருக்கு 24.6 மைக்ரோகிராம். அந்த ஆய்வகம் அச்சிட்டிருக்கும் மேல்வரம்பு 19.4. தைராய்டு அளவு சரியாக இருக்கிறது. கார்ட்டிசாலைக் குறைக்கும் மூலிகைப் பொடி ஒன்றை இணையத்தில் வாங்கி வைத்திருக்கிறார், இன்னும் தொடங்கவில்லை. கடிதத்தின் கடைசியில், அதிக ரத்தப்போக்குக்காக மகப்பேறு மருத்துவர் கொடுத்த கருத்தடை மாத்திரையை ஓராண்டாகச் சாப்பிட்டு வருவதாக ஒரு வரி இருக்கிறது. "தீவிரப் பயிற்சியை விட்டுவிட்டு நடை மட்டும் போதும் என்று இருந்துவிடட்டுமா? பொடியைத் தொடங்கலாமா? என் மெட்டபாலிசமே கெட்டுவிட்டதா?" என்பவை அவருடைய கேள்விகள்.

பதில்

அன்புள்ள சகோதரி, உங்கள் கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது, நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்தக் கடைசி வரிதான். ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கருத்தடை மாத்திரைகளில் பெரும்பாலானவற்றில் ஈஸ்ட்ரோஜன் இருக்கிறது. இந்த ஹார்மோன், ரத்தத்தில் கார்ட்டிசாலைச் சுமந்து செல்லும் புரதத்தைக் கல்லீரல் கூடுதலாகச் சுரக்கும்படி செய்கிறது. சாதாரண ரத்தப் பரிசோதனை, புரதத்தோடு பிணைந்த கார்ட்டிசாலையும் தனித்து உலவும் கார்ட்டிசாலையும் சேர்த்தே அளக்கிறது. உடலின் செல்களில் வேலை செய்வதோ தனித்து உலவும் பகுதி மட்டுமே. எனவே ஈஸ்ட்ரோஜன் மாத்திரை சாப்பிடும் பெண்ணுக்கு, உடலில் எந்தக் கோளாறும் இல்லாமலேயே மொத்த அளவு வரம்பைத் தாண்டிக் காட்டும். போதாக்குறைக்கு, கார்ட்டிசால் ஒரு நாளில் மிக உயர்ந்து நிற்கும் அதிகாலை நேரத்தில், மூச்சிரைக்கப் பயிற்சி செய்து முடித்த கையோடு, ஐந்து மணி நேரம்கூடத் தூங்காத உடம்பிலிருந்து ரத்தம் எடுத்திருக்கிறார்கள். இந்த நான்கும் சேர்ந்த நிலையில் 24.6 என்பது எனக்குக் கவலை தரும் எண்ணாகத் தெரியவில்லை. அந்தத் தாளில் 'அதிகம்' என்று விழுந்த குறி உங்கள் பல இரவுகளின் நிம்மதியைக் கெடுத்திருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதை முதலில் இறக்கி வையுங்கள்.

கார்ட்டிசால் உண்மையிலேயே நோயாக மாறும் நிலை ஒன்று உண்டு. அதற்குக் குஷிங் நோய்க்குறி என்று பெயர். முகம் உருண்டு சிவத்தல், வயிற்றில் விரல் அகலத்துக்கு ஊதா நிறக் கோடுகள், லேசாக இடித்தாலும் கன்றிப்போதல், தரையில் உட்கார்ந்தால் கையூன்றாமல் எழ முடியாத அளவுக்குத் தொடைத்தசைகள் வலுவிழத்தல், புதிதாக ரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவை அதன் அடையாளங்கள். சுரப்பியிலேயே கோளாறு ஏற்பட்டு இது வருவது மிக அரிது. ஸ்டீராய்டு மாத்திரை, ஊசி, சருமத்தை வெளுப்பாக்கும் களிம்பு, என்ன கலந்திருக்கிறது என்று எழுதாத பொடிகள் ஆகியவற்றால் வருவதைத்தான் மருத்துவர்களாகிய நாங்கள் மிகுதியாகப் பார்க்கிறோம். ஆறு நாளும் குதித்துப் பயிற்சி செய்யும் உங்களுக்கு அந்தத் தசைத் தளர்ச்சி இருக்க வாய்ப்பில்லை. மற்ற அடையாளங்களில் ஏதேனும் இருந்தால், இரவு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தை 1 மில்லிகிராம் கொடுத்து மறுநாள் காலையில் கார்ட்டிசாலை அளக்கும் சோதனை, நள்ளிரவு உமிழ்நீர்ச் சோதனை, 24 மணி நேரச் சிறுநீர்ச் சோதனை என்று முறையான வழிகள் இருக்கின்றன. இவற்றுள் டெக்ஸாமெத்தசோன் சோதனையையும் உங்கள் மாத்திரை குழப்பிவிடும் என்பதால், அது தேவைப்பட்டால் மருத்துவரின் மேற்பார்வையில் ஈஸ்ட்ரோஜனை ஆறு வாரம் நிறுத்திய பிறகே செய்ய வேண்டும். பேக்கேஜ் பரிசோதனைகளில் ஒன்றாகக் கார்ட்டிசாலைச் சேர்த்து விற்பதை நான் ஆதரிக்கவில்லை. பயனைவிடப் பயத்தையே அது அதிகம் தருகிறது.

தீவிரப் பயிற்சி கார்ட்டிசாலை ஏற்றுகிறது. ஆனால் அது கொழுப்பாவதில்லை

உங்கள் பயிற்சியாளர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. 2008-இல் வெளியான ஓர் ஆய்வில், உடற்பயிற்சிப் பழக்கமுள்ள 12 ஆண்களை அவர்களின் உச்சத் திறனில் 40, 60, 80 சதவீதத்தில் அரை மணி நேரம் வீதம் பயிற்சி செய்ய வைத்தார்கள். 60 சதவீதத்தில் கார்ட்டிசால் ஏறியது. 80 சதவீதத்தில் இன்னும் அதிகமாக ஏறியது. 40 சதவீத இலகுவான பயிற்சியிலோ சற்றே இறங்கியது. இதை வைத்துத்தான் "கடுமையாகப் பயிற்சி செய்தால் வயிறு போடும், மெதுவாக நடந்தால் வற்றும்" என்ற முடிவுக்குப் பலர் தாவுகிறார்கள்.

சிறுநீரகங்களின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள், மூளையின் கட்டளைப்படி பயிற்சி நேரத்தில் கார்ட்டிசாலைச் சுரப்பது, கல்லீரலிலிருந்து குளுக்கோஸையும் கொழுப்புத் திசுவிலிருந்து கொழுப்பமிலங்களையும் எடுத்துத் தசைகளுக்குக் கொடுப்பதற்காகவே. பயிற்சி முடிந்து ஓய்வெடுத்ததும் அது தணிந்துவிடும். அந்தச் சில மணி நேர ஏற்றத்தால் எடை கூடுவதில்லை. தீவிர இடைவெளிப் பயிற்சியையும் சீரான மிதப் பயிற்சியையும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், கொழுப்புக் குறைப்பில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. தீவிரப் பயிற்சியால் நேரம் மிச்சமாகும். இதய, நுரையீரல் திறன் சற்று விரைவாக உயரும். மிதப் பயிற்சியோ தூக்கம் குறைந்த உடம்பாலும் தாங்கக்கூடியது. இவற்றில் ஒன்று கொழுப்பைச் சேர்ப்பது, மற்றது கரைப்பது என்று பிரிப்பதற்கு ஆதாரம் இல்லை.

அப்படியானால் மனஅழுத்தத்துக்கும் எடைக்கும் தொடர்பே இல்லையா என்று கேட்பீர்கள். தொடர்பு இருக்கிறது. வகுப்பில் செலவழியும் அந்த 45 நிமிடத்தைக் காட்டிலும், மீதமுள்ள 23 மணி நேரத்தில்தான் அது அதிகமாக இருக்கிறது.

உங்கள் நாளை நான் படித்த விதம்

இரவு பதினொன்றரைக்குக் கூட்டம் முடிகிறது, பன்னிரண்டுக்குப் படுக்கை, நாலே முக்காலுக்கு எழுந்தாக வேண்டும். காலையில் வெறும் கறுப்புக் காபி, மதியம் இரண்டு சப்பாத்தி, மாலையில் கொஞ்சம் சுண்டல், இரவு எட்டு மணிக்கு வெள்ளரிக்காய், கேரட். இவற்றையெல்லாம் செயலியில் பதிவு செய்கிறீர்கள். ஆனால் "கூட்டம் முடிந்ததும் சில நாள் சமையலறையில் நின்றுகொண்டே மிக்சர் டப்பாவில் கைவைத்துவிடுகிறேன், எனக்கு மனக்கட்டுப்பாடே இல்லை" என்று வெட்கத்தோடு எழுதியிருக்கிறீர்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உங்கள் உயரம், எடை, வயதுக்கு, அசையாமல் படுத்திருந்தாலே உடல் செலவழிக்கும் ஆற்றல் சுமார் 1,330 கலோரி. அதற்கும் கீழே சாப்பிட்டுவிட்டு, பயிற்சியும் செய்துவிட்டு, தூக்கத்தையும் குறைத்தால் நள்ளிரவில் பசி எழுவது இயற்கை. தூக்கக் குறைவு பசியைத் தூண்டி, எண்ணெய்ப் பலகாரத்தையும் இனிப்பையும் தேட வைக்கும். நீடித்த மனஅழுத்தமும் அதையே செய்யும். நூறு கிராம் மிக்சரில் 500 கலோரிக்கு மேல் இருக்கிறது. காலை வகுப்பில் நீங்கள் செலவழிப்பது ஏறத்தாழ 400.

இன்னொன்றையும் கவனியுங்கள். வகுப்பு இருக்கும் நாள்களில் கைபேசி காட்டும் நடைக்கணக்கு மூன்றாயிரத்தைத் தாண்டுவதில்லை என்றும், வகுப்பு இல்லாத ஞாயிறன்று ஏழாயிரத்தைத் தொடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். களைத்த உடம்பு தன்னையறியாமல் மற்ற அசைவுகளைக் குறைத்துக்கொள்கிறது. படிக்கட்டுக்குப் பதில் லிஃப்ட், கடைக்குப் போவதற்குப் பதில் ஆர்டர். காலையில் செலவழித்ததில் ஒரு பங்கை நாள் முழுவதும் உட்கார்ந்து உடம்பு மீட்டுவிடுகிறது. உங்கள் மெட்டபாலிசம் கெட்டுவிடவில்லை. எடை குறைந்தால் உடலின் ஆற்றல் தேவை கொஞ்சம் குறையும். அது எல்லோருக்கும் நடப்பது.

தூக்கத்தைப் பற்றி ஓர் ஆய்வைச் சொல்லியே ஆக வேண்டும். 2010-இல் வெளியான அந்த ஆய்வில், அதிக எடையுள்ளவர்களுக்கு ஒரே கலோரிக் கட்டுப்பாட்டைக் கொடுத்து, இரண்டு வாரம் எட்டரை மணி நேரமும், இன்னொரு இரண்டு வாரம் ஐந்தரை மணி நேரமும் படுக்க வைத்தார்கள். இரு கட்டங்களிலும் குறைந்த எடை ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் தூக்கம் குறைந்தபோது, அதில் கொழுப்பின் பங்கு பாதிக்கும் மேல் சரிந்து, தசை முதலான கொழுப்பில்லாத திசுவின் இழப்பு கூடியது. நீங்கள் கஷ்டப்பட்டு இழக்கும் ஒவ்வொரு கிலோவிலும் எது போகிறது என்பதைத் தூக்கம் தீர்மானிக்கிறது.

எடை பார்க்கும் எந்திரமும் முழு உண்மையைச் சொல்வதில்லை. கடும் பயிற்சியால் நைந்த தசைகள் ஆறும்போது நீர் கோக்கும். நீடித்த மனஅழுத்தமும் மாதவிடாய்ச் சுழற்சியும் நீரைத் தேக்கும். இரண்டாம் உலகப் போரின் இறுதியில் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஆன்சல் கீஸ் நடத்திய பட்டினி ஆய்வில், மாதக்கணக்கில் அரைவயிறு உண்ட இளைஞர்களுக்குக் காலில் நீர் கோத்துக்கொண்டதைப் பதிவு செய்திருக்கிறார்கள். உங்கள் நிலை அத்தனை கடுமையானது அன்று. ஆனாலும் ஓரிரு கிலோ கொழுப்பு குறைந்ததை நீர் மறைத்துவிடக்கூடும். எனவே கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில் நாடாவைச் சுற்றி, மாதம் ஒருமுறை சுற்றளவு எடுங்கள். சுடிதார் நாடா கட்டும் இடத்தில் அளந்தால் கணக்கு தவறும். நம் நாட்டுப் பெண்களுக்கு 80 செ.மீ.க்குள் இருப்பது நல்லது. நீங்கள் 94-இல் இருக்கிறீர்கள். 90-க்கு வந்தாலே அது பெரிய முன்னேற்றம்.

இதுவரை செய்தது வீணா?

அம்மாவைப் போல உங்களுக்கும் சர்க்கரை வந்துவிடும் என்ற அச்சம்தான் உங்களை ஜிம்முக்குக் கொண்டுபோயிருக்கிறது, "எடை நின்றுவிட்டது, இனி எதற்கு?" என்று கேட்கும் சோர்வும் அதிலிருந்தே வருகிறது. இதற்குப் பதில் நம் சென்னையிலேயே இருக்கிறது. டாக்டர் அ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006-இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரை ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். உணவு மாற்றமும் அன்றாடம் அரை மணி நேர விறுவிறுப்பான நடையும் மேற்கொண்ட பிரிவில், நோய் வரும் அபாயம் 28.5 சதவீதம் குறைந்தது. அந்தப் பிரிவினரின் சராசரி எடையோ குறையவில்லை. எடை எந்திரம் அசையாமல் நின்ற காலத்திலும் தசைகள் இன்சுலினுக்குச் செவிசாய்க்கக் கற்றுக்கொண்டிருந்தன. நீங்களோ தொடக்க எடையில் ஐந்து சதவீதத்துக்கு மேல் குறைத்திருக்கிறீர்கள். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் சீராக அதுவே உதவத் தொடங்கும் அளவு.

இனி என்ன செய்யலாம்

தீவிரப் பயிற்சியை விட வேண்டாம். வாரம் இரண்டு நாளாகக் குறையுங்கள். வீட்டிலிருந்து வேலை பார்க்கும் புதன்கிழமையும் சனிக்கிழமையும் உங்களுக்கு வசதி. வேறு இரண்டு நாள் எடை தூக்கும் பயிற்சி, அல்லது வீட்டிலேயே நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கையூன்றித் தள்ளுவது போன்றவற்றை அரை மணி நேரம் செய்யுங்கள். தசை இழப்பைத் தடுப்பது இதுதான். மற்ற நாள்களில் இரவுக் கூட்டம் தொடங்கும் முன் அரை மணி முதல் முக்கால் மணி நேரம் நடங்கள். பேச முடியும், பாட முடியாது என்ற வேகம் போதும். நாடித்துடிப்பில் சொன்னால் உங்கள் வயதுக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 115 முதல் 136. சித்திரை, வைகாசிப் புழுக்கத்தில் அதே வேகத்துக்கே துடிப்பு கூடும் என்பதால், அப்போது வேகத்தைக் குறைக்கத் தயங்காதீர்கள். மழைக்காலத்தில் தெருவில் நீர் தேங்கினால் மொட்டை மாடி இருக்கிறது. ஞாயிறன்று முடிந்தால் பெசன்ட் நகரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் அமைத்திருக்கும் 8 கிலோமீட்டர் பாதைக்கு மகனையும் அழைத்துக்கொண்டு போய், முடிந்த தூரம் நடந்துவிட்டு வாருங்கள். பத்தாம் வகுப்புப் பையனுக்கும் அது தேவை.

இப்படி மாற்றினால் வாரத்தில் நான்கைந்து நாள் காலை ஆறேகால் வரை தூங்கலாம். எனக்குத் தெரிந்து உங்கள் எடைக்குக் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய உதவி அந்த ஒன்றரை மணி நேரத் தூக்கம்தான். வாரத்தில் இரண்டு நாளாவது கூட்டத்தைப் பத்து மணிக்குள் முடிக்க முடியுமா என்று மேலாளரிடம் கேளுங்கள். மாமியாரைப் புரட்டிப் படுக்க வைப்பது, இரவு மருந்து கொடுப்பது ஆகியவற்றைக் கணவர் வாரத்தில் பாதி நாள் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதையும் மருத்துவரின் அறிவுரையாகவே எழுதுகிறேன். இந்தப் பகுதியை அவரிடம் காட்டுங்கள். மனம் மிகவும் பாரமாக இருக்கும் நாளில் 14416 என்ற டெலிமானஸ் எண்ணை எந்த நேரத்திலும் கட்டணமில்லாமல் அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

உணவை 1,500 கலோரி அளவுக்கு உயர்த்துங்கள். கூட்டினால் எடை ஏறிவிடும் என்று பயப்படுவீர்கள். இதுவும் உங்கள் மொத்தத் தேவைக்குக் குறைவானதே. முதல் வாரத்தில் அரை கிலோ, ஒரு கிலோ கூடினால் அது தசையில் சேரும் மாவுச்சத்தும் நீரும்தான். சிறுநீரகக் கோளாறு இல்லாத உங்களுக்கு நாளுக்கு 70 முதல் 80 கிராம் புரதம் வேண்டும். அசைவத்தில் முட்டை மட்டும் சாப்பிடும் வீடு என்று சொல்லியிருக்கிறீர்கள்: காலையில் இட்லியோடு இரண்டு முட்டை, மதியம் கெட்டியான பருப்பும் தயிரும், மாலையில் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல், இரவு நூறு கிராம் பன்னீர் என்று வைத்தால் பெரும்பகுதி வந்துவிடும். இரவு எட்டு மணிக்கு வயிறார உண்ட பிறகு, பதினொன்றரைக்கு மிக்சர் டப்பா இவ்வளவு வலுவாக அழைக்காது.

பொடியைப் பற்றி

நீங்கள் வாங்கியிருக்கும் பொடியின் உறையில், அஸ்வகந்தா எனப்படும் அமுக்கரா கிழங்குடன் 'பிற மூலிகைகள்' என்று மட்டும் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அமுக்கரா மனஅழுத்தத்தையும் கார்ட்டிசாலையும் ஓரளவு குறைப்பதாகச் சிறிய ஆய்வுகள் காட்டுகின்றன. எடையைக் குறைக்கும் என்பதற்கு வலுவான சான்று இல்லை. அரிதாகச் சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டிருக்கிறது; தைராய்டு அளவையும் அது மாற்றக்கூடும். அந்த 'பிற மூலிகைகள்' என்ன என்று தெரியாத வரை தொடங்க வேண்டாம். இதைப் படிக்கும் வேறு யாராவது இத்தகைய பொடியையோ ஸ்டீராய்டையோ பல வாரங்களாகச் சாப்பிட்டு வந்தால், திடீரென்று தாமாக நிறுத்திவிடக் கூடாது. ஸ்டீராய்டு உள்ளே போயிருந்தால் அட்ரீனல் சுரப்பி உறங்கிப்போயிருக்கும். திடீர் நிறுத்தம் உயிருக்கே ஆபத்தாகலாம். டப்பாவோடு மருத்துவரைப் பாருங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது

ரத்த அழுத்தத்தை அளந்து பாருங்கள். நாற்பதைக் கடந்த வயதும் உடல் எடைக்குறியீடு 30-ஐ நெருங்கும் நிலையும் ஈஸ்ட்ரோஜன் மாத்திரையும் சேரும்போது, ரத்த அழுத்தம் உயரவும் கால் நாளங்களில் ரத்தம் உறையவும் வாய்ப்பு கூடுகிறது. உங்கள் கடிதத்தில் ரத்த அழுத்த அளவே இல்லை. ஹீமோகுளோபினும் பாருங்கள்: அதிக ரத்தப்போக்கு இருந்தவருக்கு அது 12-க்குக் கீழே போயிருந்தால், வகுப்பில் வரும் படபடப்புக்கும் மறுநாள் வரை நீளும் களைப்புக்கும் ரத்தசோகையே காரணமாக இருக்கலாம். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் ஹெச்.பி.ஏ.1.சி. சோதனையும் வேண்டும், 5.7 முதல் 6.4 வரை வந்தால் நோயின் விளிம்பு என்று பொருள்.

மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம், ரத்தப்போக்கு திரும்பிவிடும். இந்த முடிவுகளோடு உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் போய், ஈஸ்ட்ரோஜன் இல்லாத வழிகள், குறிப்பாக ஹார்மோன் சுரக்கும் கருப்பைச் சாதனம் உங்களுக்குப் பொருந்துமா என்று கேளுங்கள். மாத்திரை சாப்பிடும் வரை மாதாமாதம் ரத்தப்போக்கு வந்துகொண்டுதான் இருக்கும் என்பதால், குறைந்த உணவாலும் கடும் பயிற்சியாலும் உங்கள் சொந்தச் சுழற்சி பாதிக்கப்பட்டிருக்கிறதா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. இதையும் அவரிடம் குறிப்பிடுங்கள். இடையில் ஒரு காலில் மட்டும் வீக்கமோ கெண்டைக்காலில் வலியோ வந்தாலும், மூச்சுத் திணறினாலும், பயிற்சியின்போது நெஞ்சு இறுகினாலும் முன்பதிவுக்குக் காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.